பழைய காரை எங்கிருந்து தொடங்குவது? அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பல வருடம் ஓடாமல் நின்ற கார் கைக்கு வந்ததும் எழும் முதல் ஆசை, எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது. கையில் பணம் குறைவாக இருந்தால் அந்த ஆசையை அடக்குங்கள். கழற்றிப் போட்ட காருக்கு அறிகுறி கிடையாது. எது கெட்டிருந்தது, எது நன்றாக இருந்தது என்று அதற்கப்புறம் கண்டுபிடிக்க வழியில்லை. சந்தேகத்துக்காகவே எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதாகிவிடும். பாதியில் கைவிடப்பட்டுப் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் வண்டிகள் பலவும் இப்படித் தொடங்கியவைதான்.

வண்டி முழுசாக இருக்கும்போதே அதன் குறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோதித்துப் பார்க்க நேரம்தான் செலவாகும், பணம் பாகத்துக்குத்தான் போகும். ஒரு அறிகுறிக்கு ஐந்து காரணம் இருந்தால், செலவே இல்லாத காரணத்திலிருந்து தொடங்கி, விலை கூடிய காரணத்துக்குக் கடைசியில் வாருங்கள்.

இங்கே சொல்வது கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பாயின்ட் இக்னிஷனும் (திறந்து மூடும் ஒரு தொடர்பால் பொறி உண்டாக்கும் முறை) உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்கு. முதலில் வாங்க வேண்டியவை: அந்த மாடலின் பட்டறைக் கையேடு, ஒரு மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்க), ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் தகடுகள்), நல்ல ஆக்சில் ஸ்டாண்டுகள் (தூக்கிய வண்டியைத் தாங்கும் முட்டுகள்). ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. அப்புறம் ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எதை அளந்தீர்கள், என்ன எண் வந்தது என்று எழுதி வையுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுங்கள்.

கதவு தொங்குகிறது, கம்பளம் ஈரமாக இருக்கிறது

இன்ஜினுக்கு முன் பாடியைப் பாருங்கள். இன்ஜின் போய்விட்டிருந்தால் வேறொன்று தேடிப் போடலாம். துரு தின்ற பாடிக்கு அப்படி மாற்று இல்லை, வெல்டிங் வேலை இழுத்துக்கொண்டே போகும். இந்தக் கார் உங்கள் பணத்துக்குள் அடங்குமா என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கதவைப் பாதி திறந்து, அதன் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கீல் ஊசியில் ஆட்டம் இருந்தால் சின்ன வேலை. கீல் இறுக்கமாக இருந்து, அதைப் பூட்டியிருக்கும் தூணே அசைந்தால் உள்ளே துரு. அடுத்து, ஒரு பக்கத்தை ஜாக்கியில் மெதுவாகத் தூக்கிக்கொண்டே கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி நன்றாகவே மாறினாலோ, திறந்த கதவு மூட மறுத்தாலோ, பாடி தன் எடையைத் தானே தாங்க முடியாத நிலையில் இருக்கிறது.

துரு ஒளிந்திருக்கும் இடங்கள் எல்லாக் காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடங்கள், தரைத் தகடு, பேட்டரிக்கு அடியில் இருக்கும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், கதவின் அடி விளிம்பு. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இந்த இடங்களில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதிலாக, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி (புட்டி) இருக்கிறது. அலுமினியம், ஃபைபர் பாடிக்கு இந்தச் சோதனை உதவாது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தை முனையால் அழுத்துங்கள். உள்ளே போய்விட்டதே என்று வருந்த வேண்டாம், அந்த ஓட்டை ஏற்கனவே இருந்ததுதான்.

கம்பளம் ஈரமாக இருந்தால் அதை முழுக்க எடுத்து வெயிலில் போடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார, மற்றவர் வெளியே குழாயால் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாகப் போனால்தான் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். பெரும்பாலும் முன்கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், இல்லையென்றால் சருகும் மண்ணும் அடைத்த வடிகால் துளைகள். துளையைக் கம்பியால் குத்திவிட்டாலே நின்றுபோகும் ஒழுகல்கள் உண்டு. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத் தண்ணீர் அல்ல, ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்.

துரு பரவலாக இருந்து, அதுவும் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்களில் இருந்தால், அந்தக் காரை விட்டுவிட்டு நல்ல பாடியுள்ள இன்னொன்றைத் தேடுவதுதான் மலிவு என்பது என் உறுதியான கருத்து. வேலையைத் தொடர்வதென்றால், கழற்றுவது, சுரண்டுவது, நல்ல இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்வது எல்லாம் நீங்களே செய்யலாம். வெல்டரின் நேரத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். அடிப்பெட்டியை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டு கொடுத்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்ட விடாதீர்கள். பாடி வளைந்துவிட்டால் கதவு பிறகு ஒருபோதும் சரியாக உட்காராது. பெட்ரோல் டேங்கும் கம்பளமும் சீட்டும் வண்டியை விட்டு வெளியேறிய பிறகுதான் வெல்டிங் தொடங்க வேண்டும்.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவில்லை

நெடுங்காலம் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடித்து எழுப்பக் கூடாது. முதலில் ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அதை வடிக்காமல் சுற்றவே வேண்டாம். ஆயில் சரியாக இருந்தால் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஒரு இரவு காத்திருங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பெரிய கவலை ஒன்று தீர்ந்தது.

அசையவில்லை என்றால் துரு இளக்கும் ஆயிலை விட்டு நாள்கணக்கில் ஊற விடுங்கள். தினமும் ஒருமுறை ஸ்பேனரை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஸ்பேனரில் நீளமான பைப் மாட்டி நெம்ப வேண்டாம். பொறுத்தால் இளகக்கூடிய பிஸ்டன் ரிங்கை அது உடைத்துவிடும்.

உங்கள் இன்ஜினில் ரப்பர் டைமிங் பெல்ட் இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன்பே அதை மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் வயதானது வயதானதுதான். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். டைமிங் செயின் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இன்ஜின் கையில் சுற்றுகிறது, செல்ஃபில் சுற்றவில்லை என்றால் இனி மின்சாரப் பக்கம். மிகப் பழைய கார்களில் 6 வோல்ட் பேட்டரியும் உண்டு, பாசிட்டிவ் முனையை எர்த் செய்தவையும் (வண்டியின் உடம்போடு இணைத்தவையும்) உண்டு. கையேட்டைப் பார்க்காமல் பேட்டரி இணைக்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே தளர்ந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி கரன்ட் இழுக்கிறது.

சத்தத்தைக் கேளுங்கள். படபடவென்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சக்தி போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் சாலினாய்டு (மோட்டாருக்குக் கரன்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை. மோட்டார் மட்டும் உர்ரென்று சுற்றி இன்ஜின் நின்றுகொண்டிருந்தால் பினியன் (இன்ஜினைச் சுற்ற வந்து பொருந்தும் சின்னப் பல்சக்கரம்) அழுக்கில் ஒட்டியிருக்கிறது. கழற்றிக் கழுவினாலே போதும். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்சும் அதன் ஒயரும்.

செல்ஃப் மோட்டாரை விலைக்கு வாங்கும் முன் எர்த் ஒயரைச் சோதியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரோ அதன் இணைப்போ கெட்டிருக்கிறது. இணைப்பைப் பெயின்ட் போக உரசி மீண்டும் இறுக்குவதற்குச் செலவே இல்லை.

சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

கரன்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைத் தொடாதீர்கள்.

ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. ஒயரை இன்சுலேட் செய்த இடுக்கியால் பிடியுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வரவே இல்லை என்றாலோ, பிளக்குகளுக்குக் கரன்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறங்கள். நின்றுபோன வண்டிகளில் முதல் சந்தேகம் எப்போதும் பாயின்ட்மேல்தான். அதன் முகங்களில் மெல்லிய ஆக்சைடு படிந்திருக்கும். நுண்ணிய எமரித் தாளை இடையில் விட்டு இரண்டு முறை இழுத்து, பிறகு வெள்ளைத் தாளால் துடைத்து எடுங்கள். கேம் முகடு பாயின்ட்டை முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை அளங்கள். பல கார்களுக்கு 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. ரோட்டரிலும் மூடியின் உள்பக்கத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரன்ட் கசியும் விரிசல், அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். கன்டென்சர் (பாயின்ட் முகங்கள் கருகாமல் காக்கும் சின்ன உருளை) விலை குறைந்த பாகம், சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம். பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

பெட்ரோலுக்கு மூக்குப் போதும். டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறதா? அந்தப் பெட்ரோல் சரியாக எரியாது, கார்புரேட்டரையும் அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். முழுக்க வடித்துவிடுங்கள். வடித்த டேங்கையும் மதியுங்கள்: காலி டேங்கில் நிற்கும் ஆவி நிறைந்த டேங்கைவிட எளிதில் வெடிக்கும். அதன் அருகே வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது. முதல் சோதனைகளுக்குப் பழைய டேங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சிறு பெட்ரோல் கேனிலிருந்து பம்புக்குக் குழாய் கொடுங்கள். டேங்கில் துரு இருக்கிறதா என்ற கேள்வியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். துள்ளித் துள்ளிப் பெட்ரோல் வந்தால் பம்ப் நல்லது. வராவிட்டால் பம்பின் ரப்பர்த் தாள் காய்ந்து வெடித்திருக்கும். அதற்குத் தனியாகக் கிட் கிடைக்கிற பம்புகள் உண்டு, கழற்ற முடியாதபடி மூடியவற்றை மாற்றத்தான் வேண்டும். பம்ப் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஃப்ளோட் அறையை (கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் சின்ன அறை) திறங்கள். ஊசி ஒட்டியிருக்கும், அடியில் பச்சைப் பிசின் படிந்திருக்கும். பெட்ரோல் போகும் நுண்துளையுள்ள ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை ஒரு நூலளவு பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.

ரப்பர்க் குழாய்களை மட்டும் கேள்வியே இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், எத்தனாலைத் தாங்கும் வகையாகப் பார்த்து. பழைய குழாய்கள் எத்தனால் கலவையில் இளகி, வெடித்து, சூடான இன்ஜின்மேல் சொட்டும். பழைய கார்கள் தீப்பிடிக்கும் வழிகளில் இது மிகச் சாதாரணமானது. பட்ஜெட் எவ்வளவு சின்னதானாலும் இந்த இடத்தில் சேமிக்காதீர்கள்.

இப்போது கம்ப்ரஷன். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயிலைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 8 முதல் 12 பார் வரை வரும். எண் எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான தாள்) போயிருக்கலாம்.

வால்வு என்று தெரிந்ததும் ஹெட்டைக் கழற்ற ஓட வேண்டாம். வால்வு இடைவெளியை முதலில் ஃபீலர் கேஜால் அளங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிப்போன வால்வு சரியாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். அரை நாள் வேலையில் சரியாகிவிடும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின்களில் எக்சாஸ்ட் வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) கடினமாக்கப்படாமல் இருக்கலாம். ஈயமில்லாத பெட்ரோலில் கடுமையாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், அதனால் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அப்படிப்பட்ட இன்ஜினில் இந்த அளவை அடிக்கடி எடுத்து எழுதி வையுங்கள். ஹெட்டை எப்போது கழற்ற வேண்டும் என்று அந்த எண்களே சொல்லிவிடும்.

ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திவிடுங்கள். பெட்ரோல் ஃபில்டர் பழுப்பாக இருந்தால் டேங்கில் துரு; டேங்கைச் சுத்தம் செய்யும் வரை எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் இதே கதைதான். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் பிளக்கில் பொறி இருக்கிறதா என்று அந்தச் சூட்டிலேயே பாருங்கள். பொறி இல்லை என்றால் கன்டென்சர் அல்லது காயில். பொறி இருந்தால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிறதா, எக்சாஸ்ட்டுக்கு மிக அருகே குழாய் போகிறதா என்று பாருங்கள்.

புகை வருகிறது

குளிரில் முதல் சில நிமிடம் வரும் வெள்ளை நீராவி நோயல்ல. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம். சோக் பாதியில் ஒட்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் கைவேலைதான்.

நீலப்புகைதான் பலரையும் பயமுறுத்துவது. ஸ்டார்ட் செய்த கணத்திலும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போதும் மட்டும் வந்தால் வால்வு சீல், சின்னச் செலவு. மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால் ரிங். அப்படியே இருந்தாலும் முதலில் ஆயில் மாற்றி, பலநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். நின்றே கிடந்ததால் ஒட்டிக்கொண்ட ரிங்குகள் ஓட்டத்தில் விடுபடுவது உண்டு. கம்ப்ரஷன் ஒன்றுபோல் இருந்து, ஆயில் பிரஷரும் கையேட்டில் சொன்ன அளவில் இருந்தால், இன்ஜின் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தைப் பிரேக்கில் போடுங்கள்.

சூடாகிறது

எப்போது சூடாகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. நின்றுகொண்டு ஐடிலில் ஓடும்போது மட்டும் சூடானால் ஃபேன், பெல்ட் பக்கம் பாருங்கள். வேகத்தில் போகும்போது சூடானால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது கீழ்க்குழாய் உறிஞ்சலில் சப்பிப்போகிறது. எப்போதும் சூடானால் தெர்மோஸ்டாட். இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தாலும் வண்டி சூடாகும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணில், பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில், திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காததை மாற்றுங்கள், எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டுவது தீர்வல்ல. ரேடியேட்டருக்கு, இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டர் முழுக்கக் கையை மெதுவாக நகர்த்துங்கள். குளிர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அடைப்பு. சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம் உறுதிப்படுகிறது. வடித்த கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். அது விஷம், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும்.

பிரேக் சரியில்லை

வண்டி தன் பலத்தில் ஒரு அடி நகரும் முன் இது முடிந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டதும் தெருவுக்கு எடுத்துப்போக மனம் துடிக்கும். பொறுங்கள்.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுக்க (லைனிலுள்ள காற்றை வெளியேற்ற) வேண்டும். முதல் மிதியில் தரைவரை போய், இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வந்து கெட்டியாக நின்றால் பிரேக் ஷூ டிரம்மிலிருந்து தூரமாக இருக்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பினால் போதும். காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். அங்கே சிலிண்டர் ஜாம் ஆகியிருக்கும் அல்லது ஷூவில் ஆயில் ஊறியிருக்கும்.

பெடலை விட்ட பிறகும் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நின்ற வண்டிகளில் அடிக்கடி வருவது. அந்தச் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டு, பிளீடர் ஸ்க்ரூவை (ஏர் எடுக்கும் திருகு) திறங்கள். திறந்தும் சக்கரம் சுற்றாவிட்டால் பிஸ்டனோ ஷூவோ துருவில் ஒட்டியிருக்கிறது. திறந்ததும் சக்கரம் விடுபட்டால் லைனில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. மீண்டும் மூடி, மிதித்து, இம்முறை ரப்பர்க் குழாய்க்கு முன்னால், இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்துங்கள். இப்போது சக்கரம் விடாவிட்டால் குற்றவாளி ரப்பர்க் குழாய்: உள்ளே ஊதி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் அடைக்கிறது. வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் தரக்குறியீட்டில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி இருந்தாலே தரத்தில் தேறிவிடும். ஆகவே பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றுங்கள், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பிரேக் ஆயில் பெயின்ட்டையும் உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தகுந்த மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

ரப்பர்க் குழாய், சிலிண்டர் ரப்பர்கள், பிரேக் ஷூ மூன்றையும் புதிதாகத்தான் போட வேண்டும். மற்றொரு பழைய வண்டியிலிருந்து எடுத்ததை இங்கே மாட்ட வேண்டாம். அதுபோல்தான் டயரும். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 3512 என்றால் 2012-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே எண் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. டயரின் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 10 வயதைத் தாண்டிய டயரில் வேகமாக ஓட்டக் கூடாது.

ஸ்டீயரிங் ஆடுகிறது, கியர் விழவில்லை

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனையும் ஸ்டீயரிங் பாக்ஸும். புதிதாக எதையும் வாங்கும் முன் கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடித்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

இன்ஜின் ஓடும்போது கியர் கரகரத்து விழ மறுத்தால் முதலில் கிளட்ச் கேபிளையோ கிளட்ச் ஆயிலையோ பாருங்கள். அவை சரியாக இருந்தும் விழவில்லை என்றால், ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். ஓட்டும் சக்கரங்களை ஸ்டாண்டில் உறுதியாகத் தூக்கி நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, டாப் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுக்க மிதித்தபடி பிரேக்கைத் தட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது.

விளக்கு மங்கல், பேட்டரி இறங்குகிறது

ஒயரிங் முழுக்க மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் எர்த். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுங்கினால் அந்த மூலையின் எர்த் துருப்பிடித்திருக்கிறது. ஹெட்லைட் மங்கினால் பல்ப் முனையில் வோல்ட் அளங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் வழியில் எங்கோ தொலைகிறது. சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, எர்த் என்று ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே போனால் இடம் மாட்டிவிடும்.

இரவில் பேட்டரி இறங்கினால் எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி ஒயருக்கு நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். துணி சுற்றிய பழைய ஒயர் விரலில் வளைக்கும்போதே உதிர்ந்தால் மட்டும் மாற்றுங்கள். எரிந்துபோகும் ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்.

பெயின்ட் மங்கி வெளுத்திருக்கிறது

இது கடைசி, உண்மையிலேயே கடைசி. பெயின்ட் அடித்த பிறகு இன்ஜினை இறக்கினாலும் பிரேக் ஆயில் சிந்தினாலும் அந்தப் பணம் போனதுதான். பழைய ஒற்றை அடுக்குப் பெயின்ட் என்றால் மேலே வெளுத்திருப்பது ஆக்சைடு மட்டுமே. ஒரு மூலையில் கட்டிங் காம்பவுண்டால் தேய்த்துப் பாருங்கள், துணியில் வண்டியின் நிறம் ஏறி அடியில் பளபளப்பு தெரிந்தால் பெயின்ட்டே தேவைப்படாமல் போகலாம். சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஈரமாக்கித் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். முன்கண்ணாடி ரப்பரையும் குரோம் பட்டைகளையும் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், துரு தொடங்குவது அவற்றுக்கு அடியில்தான். கழற்றிய குரோம், விளக்குக் கண்ணாடி, கைப்பிடி, எழுத்து முத்திரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிஸ்டனும் பேரிங்கும்கூடத் தேடினால் கிடைத்துவிடும், இந்தச் சின்னச் சின்னப் பாகங்கள்தான் கிடைக்காது.